மூளைப் படமும் தங்கை மகனின் தட்டும்

மார்ச் 4
தங்கை மகன் இன்றும் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். அவனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையில் காதுக்குள் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனாலும், "அம்மா எப்பவும் என்னை மொறைக்கிறா. அடுத்த மாசம் விடுதிக்குப் போயிடுறேன்" என்கிறான். நான் உயிரோடு இருக்க, அது நடக்குமா? வீட்டுக்கே உத்தரவு போட்டுவிட்டேன்: அவனைக் கண்டால் எல்லோரும் பல் தெரியச் சிரிக்க வேண்டும்.

மார்ச் 5
வரிசையாக நின்று சிரித்தோம். "எல்லாரும் சேந்து கேலி பண்றீங்கல்ல?" என்று கதவைத் தாழிட்டுக்கொண்டான். யோசனை உயர்ந்த யோசனைதான். தங்கைக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

மார்ச் 11
ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்திருக்கும் மூளை ஆராய்ச்சியில், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆளும் வேண்டுமாம். ஊரே இருக்க என்னைத்தான் பிடித்தார்கள். (கையைத் தூக்கியது நான்தான். அதனால் என்ன?) முகங்களைக் காட்டி, கோபமா பயமா என்று கேட்டார்கள். எல்லாம் சரியாகச் சொன்னேன். ஒன்றிரண்டு தப்பு, படம் எடுத்தவனுடையது. பிறகு ஸ்கேன் எடுக்கும் குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். ஆயிரம் தகரக் கொட்டகை இடிகிற சத்தம். நான் குறட்டை விட்டேன்.

அப்புறம் ஆராய்ச்சி நடத்தும் டாக்டரம்மா என் மூளையைத் திரையில் காட்டினார். காலமெல்லாம் எஞ்சின் பிரிக்கிறவன் நான். ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் உள்ளே தெரிகிறதே... அடேயப்பா! ஆழத்தில் வாதுமைப் பருப்புப் போல ஒரு பகுதி, பக்கத்துக்கு ஒன்று. அதுவும் வேறு சில இடங்களும் சேர்ந்துதான் எதிராளி முகத்தைப் படிக்கின்றனவாம். நானே படிப்பதாக அல்லவா இத்தனை நாள் பீற்றிக்கொண்டிருந்தேன்!

"நம்ம பையனுக்கு அது சின்னதா இருக்குங்களா?"

"நிறையப் பேரைச் சேத்துப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். ஒரு படத்தை வச்சு ஒருத்தரைச் சொல்ல முடியாதுங்க. ஆனா அடுத்தவங்க முகம் அவருக்குத் தப்பாப் படுது. அது பிடிவாதம் இல்ல. மனசுல இருக்கறதை வாயால சொல்லுங்க."

என் வாய்க்கு ஆஸ்பத்திரியே வேலை கொடுத்துவிட்டது!

மார்ச் 12
தங்கையிடம் சொன்னேன். சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அப்போ அவன் என்னை வெறுக்கலையாண்ணே?"

அன்றைய பாத்திரத்தையெல்லாம் நானே கழுவினேன். நான்!

மார்ச் 20
"முதுகு வலிடா, அதான் மூஞ்சி இப்படி. உம்மேல கோபமில்ல." தங்கை சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவன் அறைக் கதவு இப்போது திறந்தே இருக்கிறது.

ஏப்ரல் 2
சாப்பாட்டு மேசையில் என் மூளையின் அழகை அளந்துகொண்டிருந்தேன். தட்டோடு வந்து நின்றான்.

"அம்மா, இப்ப உன் மொகம் என்ன?"

"சந்தோஷம்டா."

அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "மாமாவுக்குப் பெருமை. அதைக் கேக்கவே வேணாம்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.