குருவித் தொட்டியில் புதுத் தண்ணீர்

புரட்டாசி, வெள்ளி இரவு

கூலி உயர்வு கேட்டு ஆட்கள் எங்கள் வயலில் அறுப்பை நிறுத்தியதிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் அஞ்சலையும் வருவதில்லை. கொல்லையில் குருவிகள் குளிக்கும் தொட்டியைத் தினமும் தேய்த்துத் தண்ணீர் மாற்றுகிறவள் அவள்தான். நேற்று அதில் கொசுப்புழு நெளிந்தது. இன்று காலையில் பார்த்தால் தொட்டி பளிச்சென்று இருக்கிறது, நிறையப் புதுத் தண்ணீர்.

“நீங்களா மாத்துனீங்க?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“எனக்கு வேற வேலை இல்லையா? கொல்லைக் கதவப் பூட்டி வை. கொடி பிடிக்கிறவங்க ஒருத்தரும் உள்ள வரக்கூடாது.”

அப்படியானால் அஞ்சலைதான். இங்கே வந்தது அவள் தெரு ஆட்களுக்குத் தெரிந்தால் சும்மா விடுவார்களா? குருவிக்காக வந்தாளா, எனக்காகவா? நாளை நானே தேய்த்துவிட்டால் அவள் வர வேண்டியதில்லை. வராமலே போய்விட்டால்?

கதவைப் பூட்டினேன். திரும்பப் போய்த் திறந்தேன். சாவி இன்னும் கையில்தான் இருக்கிறது.