ஜெபமாலையோடு மறித்தவள்

அக்கா,

அன்றைக்கு ஜெபத்தில் இருந்தவர்கள் என் மகன் லியோ, மருமகள் பிரின்ஸி, சம்பந்தி இருதயசாமி, பிறகு நீ.

சாம்பிராணிப் புகையில் எனக்கு மூச்சிழுப்பு வந்தது. வாயில் அடிக்கிற பஃப் மருந்தை எடுக்க ஓடிய பிரின்ஸியை ஜெபமாலையும் கையுமாக நீதான் மறித்தாய். "விடுடி, நாலு பேரு பாக்கணும்னு இழுக்குறா. இவளுக்கு நோவு நெஞ்சுல இல்ல, மனசுல. தனியா உக்காந்து அழுவுறாளாம்!"

லியோகூடச் சிரித்தான்.

மூச்சு எப்போது அடைக்குமோ என்ற பயத்தில் கோயிலுக்குப் போவதையே விட்டதும், அழுவதும், உன்னிடம் மட்டும் சொன்னவை. "பயந்தா இழுப்பு கூடும், இழுத்தா பயம் கூடும். ரெண்டும் நோய்தாம்மா" என்று டாக்டரம்மா இரண்டுக்கும் மருந்து தந்திருக்கிறார்.

சிரித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, மன்னித்துவிட்டேன். தெரிந்தே சொன்ன உன்னை, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரே சொன்னாலும் மன்னிக்க மாட்டேன், சவரியம்மா.

இப்படிக்கு,
இனி உன்னிடம் எதையும் சொல்லாத தங்கை