எடுத்த பிறகு தெரிந்தது

செவ்வாய்க்கிழமை

கர்ப்பப்பை கீழே இறங்கியதற்காக என் மனைவி றெஜினாவுக்குச் சத்திரசிகிச்சை செய்து ஒரு மாதமாகிறது. இன்று கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். நன்றாக நிமிர்ந்து நடந்து வந்தாள். புண் ஆறிவிட்டது என்று சொல்வார்கள், திரும்பி வரலாம் என்றுதான் நினைத்திருந்தோம்.

டொக்டர் எங்கள் இருவரையும் இருக்கச் சொன்னார். வெட்டி எடுத்த கர்ப்பப்பையை வழக்கம்போலப் பரிசோதனைக்கு அனுப்பினார்களாம். அதற்குள் புற்றுநோய் இருந்ததாம்.

"அதைத்தான் எடுத்துப் போட்டியளே, டொக்டர். பிறகென்ன?" என்று றெஜினா கேட்டாள்.

"வெளியில பரவியிருக்கோ எண்டு பாக்கவேணும், அம்மா. யாழ்ப்பாணத்துக்கு அனுப்புறன். முந்தி ரத்தம் ஏதும் பட்டதோ?"

அவள் தலையைக் குனிந்தாள். "இடைக்கிடை பட்டது. இறங்கினது உரஞ்சுறதால எண்டு நினைச்சன்."

எனக்கே அது இன்றுதான் தெரியும். சத்திரசிகிச்சைக்கு முன் ஸ்கான் பார்த்தீர்களே, அதில் தெரியவில்லையா என்று கேட்டேன். சிலவேளை தெரியாது என்றார். நல்ல மனிதர். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

ஊருக்குத் திரும்பும் வெள்ளாங்குளம் பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, முதல்ல டொக்டர்மார் கர்ப்பப்பையை எடுக்காமல் தூக்கித் தைச்சு விடுவம் எண்டெல்லோ கதைச்சவை? அப்பிடிச் செய்திருந்தா இது உள்ளுக்கையே இருந்திருக்கும், என்ன?"

"ஓம்" என்றேன்.

"எனக்கு ஒண்டும் நோகேல்லையே."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சனம் பார்த்தது. விடவில்லை.

பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் என்ன சொல்வார்களோ.

அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "எழுதினது காணும், வந்து படுங்கோ" என்கிறாள்.