நாலாவது குடம்

நீங்கள் தண்ணீர் அளந்து விற்ற குடம் இப்போது என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்று உங்கள் மகன் வைத்துவிட்டுப் போனார். இடுப்பில் அதே ஒடுக்கு. புளி போட்டுத் துலக்கியிருக்கிறார்கள்; ஆனாலும் வாய்க்குள் பாசி வாசம் போகவில்லை.

சூரமங்கலத்தில் நம் தெருவுக்கு நல்ல தண்ணீர்க் கிணறு உங்களுடையது ஒன்றுதான். மற்றதெல்லாம் உப்பு, பருப்பு வேகாது. வீட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று குடம் ஒரு விலை, நாலாவதிலிருந்து இரட்டை விலை என்று வைத்திருந்தீர்கள். "அப்பத்தான் சனம் அடங்கிப் பொழங்கும்" என்பீர்கள். என் அம்மா அடங்கித்தான் புழங்கினார். அரிசி களைந்த நீரில் பாத்திரம் கழுவி, அந்த நீரை அவரைக் கொடிக்கு ஊற்றுவார். "நாலாவதுக்குப் போயிராதே சாமி" என்று சொல்லாத நாள் இல்லை.

அவர் செத்த அன்று காலையில் உங்களிடம் வந்தேன். நம் பக்கத்தில் சாவு வீட்டுக்கு யாரும் தண்ணீர் விற்பதில்லை. கேட்காமலே கிணற்றைத் திறந்துவிடுவார்கள். அந்தத் தைரியத்தில் வந்தேன்.

"ஏனுங்க, சாவு ஊடுங்க. பத்துக் குடமாச்சும் வேணுங்க."

"மூணு எடுத்துக்க. அதுக்கு மேல வழக்கம் போலத்தான்."

"இன்னைக்குமாங்க?"

"செத்தவங்களுக்குத் தாகம் எடுக்குமாப்பா?"

கிணற்றடியில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். என்னிடம் மூன்று குடத்துக்குத்தான் காசு இருந்தது. ஒன்றரைக் குடத்தில் அம்மாவைக் குளிப்பாட்டினோம். தலையில் வைத்த சீயக்காய் முழுதும் போகவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் குளிக்காமல் தலையில் தெளித்துக்கொண்டு போனார்கள். பெற்றவளைச் சரியாகக் குளிப்பாட்டாதவன் என்று தெரு என்னைத்தான் பேசியது. உங்களை ஒருவரும் பேசவில்லை.

ஆறு வருடம் மூட்டை தூக்கினேன், தவிடு விற்றேன். பிறகு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றைக் குத்தகைக்குப் பிடித்து, பீப்பாய் வண்டியை முதல் நாளே உங்கள் வாசலுக்கு நேராக நிறுத்தினேன். எத்தனை குடம் எடுத்தாலும் ஒரே விலை. உங்கள் விலையில் பாதி. நீங்கள் வெளியே வந்து கேட்டீர்கள்:

"நட்டத்துக்கு ஊத்தறயாப்பா?"

"ஆமாங்க. இந்தத் தெருவுல மட்டுந்தானுங்க."

பொய்யில்லை. அந்த நட்டத்தை ரயில் குமாஸ்தாக்கள் வீடுகளில் விலையைக் கூட்டி எடுத்துக்கொண்டேன். அவர்கள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்தவர்கள் அல்ல. அதைப் பற்றி நான் வருந்தவும் இல்லை.

இறைக்காத கிணறு கெட்டுப்போகும். இரண்டு கோடையில் உங்களுடையது பச்சை பிடித்து நாறியது. அப்போதும் என் வண்டியை நீங்கள் கைகாட்டி நிறுத்தவில்லை. அரை மைல் தள்ளி வேறொரு கிணற்றுக்கு ஆள் அனுப்பி எடுத்துவரச் சொன்னீர்கள்.

போன வாரம் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் மகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஏனுங்க, சாவு ஊடுங்க" என்றார். நான் சொன்ன அதே சொல். பீப்பாய் நிறைய அனுப்பி, நானும் கூட வந்தேன். முதல் குடம் உங்கள் தலையில் விழுந்ததை நின்று பார்த்தேன். பதினோரு குடம். மகன் விலை கேட்டபோது, தெரு மொத்தமும் கேட்கும்படி சொன்னேன்: "சாவு ஊட்டுல நான் காசு வாங்கறதில்லைங்க." அவர் முகம் தொங்கிப்போயிற்று. அதற்காகத்தான் சொன்னேன்.

நேற்று குடத்தோடு வந்தார். "எங்கப்பன் ஓசித் தண்ணியில போனாருன்னு தெரு பேசுதுங்க. காசு வாண்டாம்னா இதையாவது வெச்சுக்கங்க."

"எடுத்துட்டுப் போங்க" என்றேன். கேட்காமல் போய்விட்டார்.

இன்று காலை வீட்டில் என் மனைவி தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நாலு" என்று என் வாய் தானாகச் சொன்னது. "நம்ம தண்ணிதானுங்களே, ஏன் எண்ணறீங்க?" என்றாள். உங்கள் கிணற்றைப் பாழாக்கிய என்னால் இந்த எண்ணிக்கையை நிறுத்த முடியவில்லை.

குடம் மட்டும் என்னிடம் தங்காது. மாலை வண்டியில் உங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிறது, விளிம்பு வரை நிறைந்து.