சங்கர் ஃபைலில் நீங்கள் போடாத கையெழுத்து

என் அன்பான அப்பா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றரை. நீங்கள் இருந்திருந்தால், "இன்னும் என்னட்டி லைட்டு எரியுது?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்திருக்கும். உங்கள் பேத்தி அனு தூங்கிவிட்டாள். அம்மா தூங்குவதுபோலப் படுத்திருக்கிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பால் பூத் வரிசையில் நீங்கள் சரிந்து விழுந்து நாற்பத்தோரு நாளாகிறது. உங்கள் கையிலிருந்து பிரித்தெடுத்த பால் டோக்கனை இன்னும் என் பர்ஸில் வைத்திருக்கிறேன். அந்த இடியிலிருந்தே இன்னும் மீளவில்லை. இன்று இன்னொன்று விழுந்திருக்கிறது. அதைப் பற்றி உங்களைத் தவிர யாரிடம் கேட்பேன்?

முதலில் தம்பி விஷயம். அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகளிலிருந்தும் சங்கருக்குக் கடிதம் வந்த வாரத்தில்தானே நீங்கள் போனீர்கள். "அவசரப்படாதலே, ஃபைல் போட்டிருக்கேன்" என்று போனில் அவனிடம் நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. நம் வீட்டு வழக்கம் அது. ஃபிரிட்ஜ் வாங்கினாலும் சரி, எனக்கு வரன் பார்த்தாலும் சரி, சர்க்கார் ஆபீஸில் செய்வதுபோலவே பச்சைத் தாளில் பாராவுக்குப் பாரா எண் போட்டு நோட் எழுதுவீர்கள். கடைசியில் முடிவு, கையெழுத்து. அதற்குக் கீழே அம்மா தமிழில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "உளுந்து ஊறப்போடவும் ஒரு ஃபைல் போட்டுருங்க" என்று அவள் கேலி செய்வாள். ஆனாலும் போடுவாள்.

சங்கருக்குக் கிடைத்தது ஆஸ்டியோபதிக் மருத்துவப் படிப்பு. அங்கே அதுவும் முழு டாக்டர் படிப்புதான், மருந்து எழுதலாம், அறுவைச் சிகிச்சை செய்யலாம், கூடவே கையால் எலும்பையும் தசையையும் சரிசெய்யவும் கற்றுத்தருவார்கள் என்று அவன் எத்தனை தரம் சொல்லியும் இங்கே டெல்லியில் ஒருவருக்கும் ஏறவில்லை. மாடி வீட்டு ரிட்டயர்டு சார், "ஹோமியோபதி மாதிரியாம்மா?" என்றார். அம்மாவோ, "கையி காலு ஒடிஞ்சா கட்டுப்போட நம்மூர்லயே ஆளு இருக்கு. அதுக்கா இவன் கடல் தாண்டிப் போனான்?" என்றாள். நாற்பத்தோரு நாளில் அன்றைக்கு ஒருநாள்தான் சிரித்தோம்.

ஆனால் விஷயம் சிரிப்பானது இல்லை. அவனுக்கு எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணராக வேண்டும். படிப்பு முடிந்ததும் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி அவனைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டால்தான் அது நடக்கும். இருக்கும் இடங்களோ கொஞ்சம், கேட்கிறவர்கள் ஏராளம். இந்தப் பட்டக்காரர்களுக்கு இன்னும் சிரமமாம். கல்லூரி தப்பாகப் போனால் ஆசை அங்கேயே முடிந்தாலும் முடிந்தது. ஒன்று பெரிய நகரத்துப் பழைய கல்லூரி. மற்றது சின்ன ஊரில், சில வருஷம் முன்பு திறந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றுக்கு ஒப்புதல் அனுப்பியாக வேண்டும்.

நேற்றுக் காலை கூப்பிட்டான். "யக்கா, அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாக? நீயே சொல்லிரு. நான் அதையே செய்யுதேன்."

நான் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன் அப்பா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் நம்பியது ஒன்றே ஒன்றுதானே, சீனியாரிட்டி! மூத்தது முன்னால். "பழசுதாம்ல. புதுசுக்கு என்ன பேரு இருக்கு?" என்றேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் "சரிக்கா" என்றான். அந்தச் 'சரி' எனக்குள் எங்கோ உறுத்தியது. சப்பாத்தி கருகுகிறதே என்று போனை வைத்துவிட்டேன்.

இன்று மதியம் உங்களைப்போலவே ஒரு நோட் எழுதினேன். அதைச் சங்கர் ஃபைலில் சேர்க்க வேண்டுமே என்று, நீங்கள் போன பிறகு முதல்முறையாக உங்கள் பீரோவைத் திறந்தேன். அனு ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். "மத் சூனா அம்மா! தாத்தா டான்ட்டேங்கே!" தொடாதே, தாத்தா திட்டுவார் என்று இந்தியில் மிரட்டுகிறாள். நீங்கள் பால் வாங்கப் போயிருப்பதாகத்தான் அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

முடிவு செய்துவிட்டு அப்புறம் ஃபைலைத் திறந்தவள் நான். நீங்கள் அப்படிச் செய்யவே மாட்டீர்கள். சங்கர் ஃபைலில் மேலேயே இருந்தது உங்கள் நோட். இங்கிலீஷில் ஐந்து பாரா. பழசு, புதுசு என்ற பேச்சே இல்லை! மூன்றாம் வருஷம் மாணவர்கள் எந்த ஆஸ்பத்திரியில் கற்றுக்கொள்கிறார்கள்? எலும்பு அறுவைச் சிகிச்சைப் பயிற்சி அதே ஆஸ்பத்திரியில் உண்டா? முன்னால் படித்தவர்களில் யாருக்காவது அந்த இடம் கிடைத்ததா? அமெரிக்கா பார்க்காத நீங்கள் இதையெல்லாம் எப்படி யோசித்தீர்கள்? நான் ஏன் இதில் ஒன்றைக்கூட அவனிடம் கேட்கவில்லை?

ஐந்தாவது பாராவில் என் பெயரைக் கண்டதும்தான் கண் நின்றது. "முந்தைய நேர்வைப் பார்க்க: கோமதி, பன்னிரண்டாம் வகுப்பு. அதில் சம்பந்தப்பட்டவரைக் கேட்கவில்லை. அது என் பிழை. இம்முறை பையனைக் கேட்க வேண்டும்." அதோடு சரி. முடிவு இல்லை, கையெழுத்தும் இல்லை.

என் ஃபைல் அடித்தட்டில் இருந்தது. உள்ளே, தெற்கே ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து என் பெயருக்கு வந்த சேர்க்கைக் கடிதம். பின்னால் உங்கள் நோட். "தூரம் அதிகம். டெல்லிக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி போதும். மகளுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை." தேதி, கையெழுத்து. கீழே அம்மாவின் 'பார்த்தேன்'.

அந்தக் கோடையில் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலில் தினமும் தபால்காரருக்காகக் காத்திருந்தவள் நான். "லிஸ்ட்ல பேரு வரலட்டி" என்று சொல்லி, என்னைத் தேற்ற இந்தியா கேட்டுக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தீர்களே. நோட்டில் இருப்பது அதற்கு முந்தின நாள் தேதி. நான் அழுதுகொண்டே அந்த ஐஸ்கிரீமைத் தின்றேன். நீங்கள் என்ன நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

அம்மாவிடம் தாளை நீட்டினேன். "இது என்னதும்மா?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். "என் கையெழுத்துல்லா."

"மேல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"எனக்கு என்னட்டி இங்கிலீசு தெரியும்? அவுக நீட்டுவாக, நான் போடுவேன்." நான் வாசித்துச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். பிறகு, "நீ டாக்டராயிருப்பியாட்டி?" என்றாள். அவ்வளவுதான். போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ராத்திரி சாப்பிடவில்லை.

சங்கருக்கு அங்கே பொழுது விடிந்து வேலைக்குக் கிளம்பும் நேரம்வரை காத்திருந்து கூப்பிட்டேன்.

"ஏலே, ஒப்புதல் அனுப்பிட்டியா?"

"இன்னிக்குத் தபால்ல போடணும்க்கா. ஏன்?"

"போடாத. நான் சொன்னதைக் கிழிச்சுப் போடு. ஒனக்கு எது பிடிச்சிருக்கு?"

"யக்கா, அப்பாகூட இதைக் கேக்கல" என்றான். கேட்க இருந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். முழுதாகச் சொல்ல முடியவில்லை.

அப்புறம் மடைதிறந்ததுபோலச் சொன்னான். பழைய கல்லூரியில் மூன்றாம் வருஷத்திலிருந்து ஊருக்கு ஒருத்தராகப் பிரித்து அனுப்பிவிடுவார்களாம். சின்ன ஊரில் கல்லூரிக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி, அங்கேயே எலும்பு அறுவைச் சிகிச்சைப் பயிற்சி. முதல் செட்டில் படித்தவன் ஒருவனுக்கு அங்கேயே இடம் கிடைத்திருக்கிறது. அவனோடு சங்கர் ஒருநாள் முழுக்க இருந்து பார்த்திருக்கிறான். "புதுசுன்னா டெல்லில அசிங்கமா நெனைப்பீகன்னுதான்க்கா சொல்லல. அங்க போனாலும் கெடைக்கும்னு கேரண்டி ஒண்ணும் இல்ல, பாத்துக்க."

"கெடைக்கலன்னா?"

"கெடைக்கலன்னா நான் எடுத்த முடிவு. உன்னையோ அப்பாவையோ திட்ட மாட்டேன்லா."

சின்ன ஊருக்கே அனுப்புகிறான் அப்பா. உங்கள் ஃபைலில் முடிவு என்ற இடத்தில் நான் எதுவும் எழுதவில்லை. அவன் ஊருக்கு வரும்போது அவனே கையெழுத்துப் போடட்டும். என் ஃபைலைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. உங்களைப் பற்றி அவனுக்கு இருப்பது அவனுக்கு இருக்கட்டும் என்று நினைத்தேனா, என் வாயால் சொல்லக் கூச்சமா, தெரியவில்லை.

உங்கள் மேல் கோபமா என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. இன்று மதியத்திலிருந்து எதுவும் சரியாக உறைக்கவில்லை. பிழை என்று எழுதினீர்களே, அதை ஃபைலிடம் சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் இருந்த என்னிடம் ஏன் சொல்லவில்லை? அனுவை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருந்தீர்கள். ஒருநாளாவது வாய்வரை வந்ததா?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அனுவுக்கு இந்த வீட்டில் ஃபைல் கிடையாது. அவள் பெயருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அவள்தான் பிரிப்பாள். எனக்குப் பயமாக இருந்தாலும், அவள் எவ்வளவு தூரம் போகிறேன் என்றாலும்.

அப்பா, எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். தூரம் மட்டும்தான் காரணமா? தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்ட உங்கள் மூத்த மகள்,
கோமதி