இடது சுவிட்சில் மஞ்சள் டேப்

செவ்வாய், 4
காலையிலிருந்து தூறல். துவைத்த துணி காயவில்லை. ரத்த அழுத்தம் 148/86. உப்பைக் குறைக்க வேண்டும்.

விமானம் விழுந்து ஒன்பது நாள். மூன்றாம் வீட்டுக் கண்ணப்பன் வந்தார். துணை விமானி அவர் மகன். எங்கள் தாமானில், இந்தக் குடியிருப்பில், யார் இறந்தாலும் பத்திரிகை அறிவிப்பு எழுதுவது நான்தான்.

"பதினாறாம் நாள் அறிவிப்ப நீங்களே எழுதுங்கண்ணே. உங்க தமிழ்ல வந்தா அவனுக்கு மரியாத."

மகனின் படம் தந்தார். சீருடை, சிரிப்பு.

புதன், 5
வெயில். கடையில் செல்வத்தோடு கோப்பி. சிங்கப்பூர் விமானப் பட்டறைக்கு முப்பது வருடம் ஒரே பஸ்ஸில் போனோம். அவன் சாமான் கிடங்கு, நான் இஞ்சின் பிரிவு.

"நீ இஞ்சின ஓட்டிப் பாத்தவன். என்னதான் ஆயிருக்கும் லா?"

ஊகம்தான் என்று இருமுறை சொல்லிவிட்டுச் சொன்னேன். ஒரு இஞ்சின் பழுதாகியிருக்கலாம். பதற்றத்தில் நல்ல இஞ்சினை நிறுத்தியிருக்கலாம். அந்த வகை விமானத்தில் இஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே நிறம், ஒரே வடிவம். யார் கையும் தவறும். பிழை வடிவமைத்தவர்களுடையது.

"வெளிய சொல்லிடாதடா."
"எனக்குத் தெரியாதா?"

வெள்ளி, 7
புகைமூட்டம். வாங்க: பூண்டு, பல்பு, பேனா.

தாமான் வாட்சப் குழுவில் செல்வத்தின் குரல். "நம்ம ராமையாவே சொல்லிட்டான், முப்பது வருசம் பிளேன்ல கைய வச்சவன். நல்ல இஞ்சின நிறுத்துனது அந்தப் பையன்தானாம்."

அவ்வளவுதான். ஊகம் இல்லை, சுவிட்ச் இல்லை, வடிவமைப்பு இல்லை. கீழே யாரோ: "அலமாக், ஐயையோ, அப்ப பைலட் தப்புதானா?"

செல்வத்துக்குப் போன் செய்தேன். "நீ சொன்னதத்தானே சொன்னேன். உன்ன மாதிரி நீட்டி முழக்குனா யாருப்பா கேப்பா?" சிரித்தான்.

நான்தான் தெளிவாகச் சொல்லவில்லையோ? குழுவில் பதில் தட்டினேன், பதினோரு வரி. அழித்தேன்.

சனி, 8
கண்ணப்பனின் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

"அப்பா படத்த வாங்கிட்டு வரச் சொன்னாரு, மாமா."
"அறிவிப்பு?"
"செல்வம் மாமா எழுதுறாராம்."

உறையோடு கொடுத்தேன். முதல் மூன்று வரி எழுதியிருந்தேன். சொல்லவில்லை.

ஞாயிறு, 9
மழை. பழைய வேலைக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். இருக்கிறது, என் கையெழுத்திலேயே.

அதே வகை விமானம், தரையில் இஞ்சின் ஓட்டச் சோதனை. வலது இஞ்சினில் புகை. நான் நிறுத்தியது இடதை. தரை என்பதால் பிழைத்தோம். மறுநாள் இடது சுவிட்சில் மஞ்சள் டேப் ஒட்டினேன், கண்ணுக்கும் கைக்கும் வித்தியாசம் தெரிய. மேலாளர்: கையேட்டில் இல்லை, எடு. எடுத்தேன். நடந்ததை எழுதிய என் அறிக்கையை விமானம் தயாரித்த நிறுவனத்துக்கு அனுப்புவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். அனுப்பினாரா? ஒருநாளும் கேட்கவில்லை. அவர் நல்லவர் என்றே நினைத்திருந்தேன்.

செல்வத்திடம் இதைச் சொல்லவில்லை. அவன் பாதியைச் சொன்னான் என்று கோபம். அவனுக்கு நான் கொடுத்ததே பாதி.

விபத்து விசாரணைக் குழுவுக்குக் கடிதம். நான்கு பக்கம். முழுப் பெயர், பழைய வேலை எண், கையெழுத்து. பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தேன்.

திங்கள், 10
மேகம். கடிதத்தின் நகலோடு கண்ணப்பன் வீடு. கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியாக வாங்கி, நின்றபடியே நான்கு பக்கமும் படித்தார்.

"உங்க கையும் தவறுச்சா?"
"ஆமா."
"டேப்ப எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டீங்க."
"ஆமா."

கடைசிப் பக்கத்தை மறுபடி பார்த்தார். "இதுல எம்மவன் பேரே இல்லியே."
"இல்ல. என் பேரு மட்டுந்தான்."

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சட்டென்று கேட்டேன்: அறிவிப்பை நானே எழுதட்டுமா, மூன்று வரி தயாராக இருக்கிறது.

"செல்வம் குடுத்தது அச்சுக்குப் போயிருச்சுண்ணே."