அட்ஜஸ்ட் பண்ணிப் போக்கா

என் செல்ல அக்கா செண்பகத்துக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்கு அருப்புக்கோட்டையிலிருந்து என் மகள் சுபாவின் மாமனார் வீட்டு ஆட்கள் பேச வருகிறார்கள். நீ கடைசியாகப் பார்த்தபோது ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாளே, உன் மருமகள், அவளேதான். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை ஒரு பையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர்கள் வருவதற்குள் உன்னிடம் பேசியாக வேண்டும். இதை வேறு யாரிடம் சொல்ல?

இந்த அட்ஜஸ்ட் என்கிற சொல் நம் வாயில் எப்போது வந்து உட்கார்ந்ததோ தெரியவில்லை. நம் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. அவளே "சோறு கொழைஞ்சு போச்சு, இன்னைக்கு அட்ஜஸ்ட் பண்ணித் தின்னுங்கலே" என்பாள். விளாத்திகுளம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளைத் தள்ளிவிட்டு, "அண்ணாச்சி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பார் கண்டக்டர். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அதுதான், பந்தியில் ரசம் தீர்ந்தாலும் அதுதான். டெய்லர் சட்டையைக் குட்டையாகத் தைத்துவிட்டு, அதையும் நம்மையே பண்ணச் சொல்வார்.

"பொறுத்துக்கோ" என்று சொன்னால், எதை, எத்தனை நாளைக்கு என்று எதிராளி கேட்டுவிடலாம். இந்தச் சொல்லுக்கு அப்படிக் கேள்வி வருவதில்லை. சொல்கிறவனுக்கும் வாய் வலிக்காது. பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்தால் எட்டயபுரத்தில் நாலு பேர் இறங்குவார்கள், காலை நீட்டிக்கொள்ளலாம். உனக்கு எந்த ஸ்டாப்பில் யார் இறங்கினார்கள், அக்கா?

நீ ஒர்க்‌ஷாப்புக்கு வந்த அந்தப் பகலை நான் நினைக்காத நாள் இல்லை. சித்திரை வெயில். நான் தரையில் ஒருக்களித்துப் படுத்து ஒரு வண்டியின் பின் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கிய நீ, ஒயர்கூடையோடு வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாய்.

"ஏலே முருகேசா, அங்கன இனி என்னால இருக்க முடியாதுலே. அவிய தெனமும் கை நீட்டுதாவ" என்றாய். அப்போதும் அத்தானை மரியாதை குறையாமல்தான் சொன்னாய்.

நான் எழுந்திருக்கக்கூட இல்லை. நட்டை முறுக்கிக்கொண்டே, "எல்லா வீட்லயும் உள்ளதுதானக்கா. அட்ஜஸ்ட் பண்ணிப் போக்கா" என்றேன்.

நீ கூடையிலிருந்து மிளகாய் வற்றல் பொட்டலத்தை எடுத்து ஸ்பானர் பெட்டிமேல் வைத்தாய். பொட்டலம் வெளியே வந்ததும் கூடைக்குள் உன் சேலைகள் தெரிந்தன. அடிவரைக்கும் சேலைதான். பார்த்தேன் அக்கா. பார்த்துவிட்டுப் பிரேக் பக்கம் திரும்பிக்கொண்டேன். "சரிலே, பிள்ளையக் கேட்டேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நடந்தாய்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயந்தேன், அவ்வளவுதான். நீ வந்து உட்கார்ந்துவிட்டால் நாளைக்குச் சுபாவுக்கு நல்ல சம்பந்தம் வருமா என்று பயந்தேன்.

அதற்குப் பிறகு நீ எதையும் சொல்லவில்லை. வயிற்றுவலியைக்கூட. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "இவ்வளவு முத்துற வரைக்கும் வலிக்கலையாம்மா?" என்று கேட்டார். "வலிச்சுது. அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்" என்றாய். கட்டில் பக்கத்தில் நின்ற எனக்கு அது என் குரலாகவே கேட்டது. அந்த மாசமே போய்விட்டாய். ஐந்து வருஷம் ஆகிறது.

அத்தானைப் போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மிளகாய் இந்த வருஷம் நல்ல காய்ப்பு என்றார். தலையாட்டினேன், வேறொன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வெட்கக்கேடு என்னவென்றால், என் தொழிலில் எனக்கு இது நன்றாகத் தெரியும். பிரேக் பிடிக்கவில்லை என்று வருகிறவருக்கு நட்டை முறுக்கிக் கொடுப்பேன். ஒருநாள் போல்ட்டில் மேற்கொண்டு முறுக்க மரை தீர்ந்துவிடும். "அண்ணாச்சி, இனி அட்ஜஸ்ட் பண்ண எடமில்ல. பிரேக் ஷூ தேஞ்சு போச்சு, இப்படியே ஓட்டுனா ஆளுக்கு ஆபத்து" என்று சாவியைக்கூடக் கொடுக்காமல் வைத்துக்கொண்டதுண்டு. முன்பின் தெரியாத ஆளுக்குச் சொன்னதை உடன்பிறந்தவளுக்குச் சொல்லவில்லை.

அதோடு விட்டேனா? போன மாசம் சுபா போனில் அழுதபோது அவளிடமும் அதையே சொன்னேன். நாக்கு அவ்வளவு பழகியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை வாசலில் நின்றாள், இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னே, "நீங்க சொன்ன மாதிரி அட்ஜஸ்ட் பண்ணிப் பாத்துட்டேம்ப்பா. திரும்பப் போகச் சொன்னா போறேன். ஆனா அத்தைய ஒருக்க நெனச்சுக்கோங்க" என்றாள்.

பக்கத்து அறையில் அடைத்து வைத்திருந்த பழைய டயர், உடைந்த இன்ஜின் எல்லாவற்றையும் நானும் என் வீட்டுக்காரியும் இரண்டு நாளாகச் சுமந்து வெளியே ஷெட்டில் போட்டோம். சுவருக்கு வெள்ளையடித்தோம். சுபா இப்போது அதில்தான் கட்டில் போட்டுப் படுக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் நல்ல காற்று வருகிறது. இந்த அறை அன்றைக்கும் இருந்தது, அக்கா. டயருக்கு இடம் இருந்தது.

வருகிறவர்களுக்குக் காபி கொடுப்போம், மரியாதையில் குறை வைக்க மாட்டோம். பேச்சுக்கு நடுவில் யாராவது ஒருத்தர் கட்டாயம் அந்தச் சொல்லை எடுப்பார். எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், சுபாவும் பார்ப்பாள். அப்போது நான் எழுந்து நின்று, பிள்ளையை அனுப்ப முடியாது என்று சொல்வேன். உட்கார்ந்தபடி சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லை இனிமேல் வண்டிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். இது உன்மேல் சத்தியம்.

அன்றைக்கு எழுந்திருக்காத
உன் தம்பி,
முருகேசன்